போர்வெல் லாக் நோட்டுகளை வைத்துக்கொண்டு எந்தப் படிப்பில் சேர்வது?

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு வயது 34. எம்.எஸ்சி. அப்ளைடு ஜியாலஜி முடித்துவிட்டு, நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ரெசிஸ்டிவிட்டி சர்வே (நிலத்தின் மின்தடையை அளப்பது) எடுப்பது, துளை போட பாயின்ட் குறித்துக் கொடுப்பது, போர் (ஆழ்துளைக் கிணறு) போடும்போது லாக் எழுதுவது, அறிக்கை தயாரிப்பது என்று போகிறது. இப்போது எங்கே திரும்பினாலும் டேட்டா சயின்ஸ் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு எம்.டெக். சேரலாமா? அல்லது வேலையில் இருந்தபடியே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைன் முதுகலை படிக்கலாமா? ஒரு கல்வி ஏஜென்ட் மொத்தம் 22 லட்சம் ஆகும், கடனுக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்கிறார். எனக்கு கோடிங் தெரியாது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் அரசுத் தேர்வு எழுதச் சொல்கிறார். படித்தால் சம்பளம் கூடுமா என்பதையும் சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த 22 லட்சத்தை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் மேலே படிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எந்தப் படிப்பு என்பதை ஏஜென்ட் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் ஆபீஸ் அலமாரியில் கிடக்கும் லாக் நோட்டுகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

"லாக் எழுதுவது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மேல் மண் எத்தனை அடி, கேசிங் (துளை சரியாமல் இறக்கும் குழாய்) எவ்வளவு இறங்கியது, முதல் ஊற்று எந்த ஆழத்தில் கிடைத்தது, எந்த போரில் கடைசி வரை தண்ணீர் இல்லாமல் வெறும் புகைதான் வந்தது என்று ஒன்பது வருடமாக ரிக் (துளை போடும் இயந்திரம்) பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறீர்கள். டேட்டா சயின்ஸ் படித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் இந்த வரிகள் கிடையாது. கொடுத்தாலும் அவர்களால் சரியாகப் படிக்க முடியாது. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது.

உங்கள் நோட்டில் "தண்ணி 1 இஞ்ச்", "தண்ணி 2 இஞ்ச்" என்று எழுதியிருப்பீர்கள். ஜியாலஜி தெரியாத ஒருவர் இதை அப்படியே எக்செலில் ஏற்றி, இரண்டு இஞ்ச் என்றால் ஒரு இஞ்ச்சைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் என்று மாடலுக்கு (தரவைப் பழகிக் கணிக்கும் கணினி நிரலுக்கு) சொல்லிவிடுவார். 90 டிகிரி வீ நாட்ச் (வி வடிவ வெட்டு வழியே நீரை விட்டு அளக்கும் தகடு) வைத்து அளந்திருந்தால் கணக்கே வேறு. நாட்ச்சில் நீரின் உயரம் இரண்டு மடங்கானால், வரத்து ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடும். ஒரு இஞ்ச் என்பது மணிக்குச் சுமார் 500 லிட்டர், இரண்டு இஞ்ச் என்பது கிட்டத்தட்ட 2,900 லிட்டர். அதிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சில வரிகள் நாட்ச் வைத்து அளந்தவை. சில வரிகள் ரிக் ஆபரேட்டர் கண்ணால் பார்த்து, குழாய் வாயின் அகலத்தை நினைத்துச் சொன்னவை. எது எந்த வகை என்பது அன்று அங்கே நின்ற உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் பகுதியில் கீழ்பவானி வாய்க்கால் வேறு இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பாசனப் பகுதியில் போட்ட போருக்கும், வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது அதே ஊரில் போட்ட போருக்கும் வரத்து ஒன்றாக இருக்காது. போர் போட்ட தேதியைக் கவனிக்காத மாடல், வாய்க்கால் கசிவையெல்லாம் பாறையின் குணமாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு விஷயம், நீங்கள் பாயின்ட் கொடுத்த இடத்தில்தான் போர் போட்டிருக்கிறார்கள். நல்ல இடம் என்று நினைத்ததை மட்டும் துளைத்துப் பார்த்த தரவு இது. தோற்றுப்போன போர்களின் லாக்கைப் பாதியில் நிறுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்தச் சாய்வுகளையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்லித்தருகிற படிப்புதான் உங்களுக்கு வேண்டியது.

இதற்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் ஒரு புதிர் இருந்தது. மாதிரிகளை வைத்து வளமான பகுதி என்று மதிப்பிட்ட இடங்களை வெட்டி எடுத்தால், நினைத்ததைவிடக் குறைவாகத் தங்கம் கிடைத்தது. மட்டம் என்று ஒதுக்கிய இடங்களில் நினைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. டேனி கிரிகே என்ற சுரங்கப் பொறியாளர் வேலையில் இருந்தபடியே இந்தச் சுரங்கத் தரவுகளை எடுத்துக்கொண்டு, 1951-ல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாகச் செய்தார். சில மாதிரிகளை மட்டும் வைத்து ஒரு பெரிய பகுதியை மதிப்பிடும்போது அந்தப் பிழை ஏன் வருகிறது, அதை எப்படித் திருத்துவது என்று காட்டினார். பிறகு பிரான்ஸில் ஜார்ஜ் மாத்தரோன் அதற்கு முழுக் கணிதம் கொடுத்து, கிரிகே பெயரையே வைத்தார். இன்று ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள்களில் இருக்கிற கிரிகிங் அதுதான். வேலையில் கண்ணில் பட்ட ஒரு பிழைதான் அவருடைய ஆய்வுக் கேள்வி. உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்கும். "நான் கொடுத்த பாயின்ட்டுகளில் எவை தோற்றன, ஏன் தோற்றன?" என்பதே முதுகலைக்கு மட்டுமல்ல, பிஎச்.டி.க்கும் போதுமான கேள்வி.

சரி, படிப்புகளுக்கு வருவோம்.

நம் ஊரிலேயே பார்த்தால், திருச்சி காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை (செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது) ஜியாலஜிக்காரர்கள் கையில் வளர்ந்தது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனமும் ஜியாலஜி துறையும் இருக்கின்றன. டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வுப் பயிற்சி நிறுவனமான ஐஐஆர்எஸ் இருக்கிறது. அங்கே முழுநேர எம்.டெக். தவிர, வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய இலவச ஆன்லைன் வகுப்புகளையும் தொடர்ந்து நடத்துகிறார்கள், சான்றிதழும் உண்டு. தன்பாத் ஐஐடி, ரூர்க்கி, மும்பை, கரக்பூர் ஆகிய இடங்களில் முழுநேரமாகப் படிக்க வேண்டுமானால் கேட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். உங்களுக்குப் பொருத்தமான தாள் ஜியாலஜி–ஜியோபிசிக்ஸ். ஜியோமேட்டிக்ஸுக்கு (நில அளவை, வரைபடத் தரவு) 2022-லிருந்தும், டேட்டா சயின்ஸ்–ஏஐக்கு 2024-லிருந்தும் தனித் தாள்கள் வந்திருக்கின்றன. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தையை விட்டுவிட்டு இரண்டு வருடம் தன்பாத்துக்குப் போவதா என்பதை நீங்களும் வீட்டாரும்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் நிலையில் அதற்கு அவசியம் இல்லை என்பேன்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் முதலில் தோன்றியது: பகுதிநேர பிஎச்.டி. எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறை பகுதிநேர பிஎச்.டி.யை அனுமதிக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு கிடைக்கும். நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கித் தர வேண்டும், கோர்ஸ் வொர்க் (பிஎச்.டி. வகுப்புகள்) நேரத்தில் விடுப்பு தேவைப்படலாம். உங்களிடம் ஏற்கனவே ஒரு முதுகலைப் பட்டம் இருக்கிறது. இன்னொரு முதுகலைக்கு இரண்டு வருடமும் பணமும் செலவழிப்பதைவிட, அதே உழைப்பை உங்கள் சொந்தத் தரவின் மேல் போட்டால் பலன் கூடுதல். வழிகாட்டியைத் தேடும்போது பேராசிரியரின் பதவியைப் பார்க்காதீர்கள், அவருடைய மாணவர்கள் கடந்த சில வருடங்களில் எழுதிய கட்டுரைகளைப் பாருங்கள். கடினப் பாறைப் பகுதியின் நிலத்தடி நீரும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் சேர்ந்து வருகிற கட்டுரை ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

வெளிநாட்டு ஆன்லைன் படிப்புகள் மட்டம் என்று சொல்ல மாட்டேன். சில மிக நல்லவை. கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் 'எர்த் ரிசோர்ஸ் டேட்டா சயின்ஸ்' என்ற பெயரிலேயே, வேலையில் இருப்பவர்களுக்காக ஆன்லைன் படிப்பு வைத்திருக்கிறது. நேரில் போக முடிந்தால், நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ஐடிசி இருக்கிறது. 1950-ல் தொடங்கிய காலத்திலிருந்தே வளரும் நாடுகளில் வேலை பார்க்கும் நில அளவை, நில வள ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் இடம் அது. இப்படி ஒன்றை யோசிப்பதாக இருந்தால் ஏஜென்ட் கொடுக்கும் அச்சடித்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஜியோஸ்டாட்டிஸ்டிக்ஸ் அல்லது ஸ்பேஷியல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (இடத்துக்கு இடம் மாறும் தரவுக்கான புள்ளியியல்) என்று தனிப் பாடம் இருக்கிறதா? கடைசி புராஜெக்ட்டை உங்கள் சொந்தத் தரவில் செய்யலாமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது பொதுவான டேட்டா சயின்ஸ் படிப்பு, பெயரில் மட்டும்தான் எர்த் இருக்கிறது. வீட்டு விலையைக் கணிக்கும் பயிற்சியைச் செய்வதற்கு 22 லட்சம் தேவையில்லை.

செலவையும் நீங்களே கணக்குப் போடுங்கள். அமெரிக்க முதுகலைக்குப் பொதுவாக 30 கிரெடிட்டாவது வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கான கட்டணம் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருக்கும். அதை 30-ஆல் பெருக்கி ரூபாயாக மாற்றுங்கள். வரும் தொகைக்கும் ஏஜென்ட் சொன்னதற்கும் வித்தியாசம் இருந்தால் அது எதற்கு என்று அவரிடமே கேளுங்கள். நேரலை வகுப்பு உண்டா என்பதையும் விசாரியுங்கள். கொலராடோவில் மாலை 6 மணி வகுப்பு என்றால் நமக்குக் கோடையில் அதிகாலை 5.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 6.30. மகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் வாரம் எத்தனை நாள் அது முடியும் என்று இப்போதே யோசித்துவிடுங்கள்.

அங்கீகாரம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆன்லைன் கம்பெனிகளோடும் நம் ஊர் கல்லூரிகளோடும் கூட்டுச் சேர்ந்து தரப்படும், தன் அனுமதி பெறாத வெளிநாட்டுப் பட்டங்கள் செல்லாது என்று யுஜிசி 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. நாளைக்கு ஒரு கல்லூரி வேலைக்கோ அரசு வேலைக்கோ அந்தப் பட்டத்தைக் காட்ட நினைத்தால், இந்தியாவில் அதை இணையான பட்டமாக ஏற்பார்களா என்பதை எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் தவணையைக் கட்ட வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வது எதற்கும் ஆகாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பட்டங்களில் யுஜிசி அனுமதி பெற்றவை நேரடிப் பட்டத்துக்குச் சமம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கணவர் சொன்ன அரசுத் தேர்வுக்கு இந்தப் படிப்பு எதுவுமே தேவையில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமான ஜிஎஸ்ஐக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கும் யுபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு உங்கள் எம்.எஸ்சி.யே போதும். வயது வரம்புதான் இடிக்கிறது, பொதுப்பிரிவுக்கு 32. மத்திய அரசுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. அதன்படி உங்களுக்கு இடம் இருந்தால் அடுத்த அறிவிப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், படிப்பைப் பிறகு பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சியிலும் ஜியாலஜி பணிகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும், அதன் வயது விதி வேறு.

கோடிங் பற்றிப் பயப்பட வேண்டாம். ரெசிஸ்டிவிட்டி கர்வைப் பார்த்து, இது ஹெச் டைப் (நடு அடுக்கில் மின்தடை குறைந்த வளைவு), இங்கே சிதைந்த பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை என்று சொல்லத் தெரிந்தவருக்கு பைத்தான் எட்டாத விஷயம் இல்லை. எந்தக் கல்லூரியிலும் சேர்வதற்கு முன்னால் ஆறு மாதம் இதைச் செய்து பாருங்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை இறக்கிக்கொண்டு, ஜிஎஸ்ஐயின் பூகோஷ் தளத்திலிருந்து உங்கள் மாவட்டத்தின் 1:50,000 ஜியாலஜி வரைபடத்தை எடுங்கள், இரண்டும் இலவசம். ஒரே ஒரு தாலுகாவின் லாக்குகளை மட்டும் எடுத்து, ஒரு போருக்கு ஒரு வரி என்று எக்செலில் ஏற்றுங்கள். கிராமமும் சர்வே எண்ணும் மட்டும் இருக்கிற பழைய லாக்குகளுக்கு இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி நேரம் போகும், அதைப் பொறுமையாகச் செய்யுங்கள். வரத்து அளந்த விதத்துக்கும் போர் போட்ட மாதத்துக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். தோற்ற போர்களை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பைத்தான். அதில் பாண்டாஸ், ஜியோபாண்டாஸ், சைகிட்-லேர்ன் என்ற மூன்று நிரல் தொகுப்புகள் போதும். ஜியோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பிர்ச்சின் வகுப்புகள் யூடியூபில் இலவசமாகவே இருக்கின்றன. வேரியோகிராம் (தூரம் கூடக் கூட அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வரைபடம்) என்பது என்ன என்று அவரிடம் கேட்டுக்கொண்டே உங்கள் தாலுகாவின் கேசிங் ஆழத்துக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். போட்டிகளில் வெளியான தரவுகளிலும் பழகலாம். நார்வேயின் கடல்பகுதி எண்ணெய்க் கிணறுகளின் லாக்கைப் பார்த்துப் பாறை வகையைக் கணிக்கச் சொன்ன ஃபோர்ஸ் 2020 போட்டியின் தரவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

மாடல் போடும் கட்டத்துக்கு வந்ததும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எல்லாப் பயிற்சி வீடியோவிலும் தரவைக் குலுக்கி, 80 சதவீதத்தில் மாடலைப் பழக்கி, மீதி 20 சதவீதத்தில் சோதிக்கச் சொல்வார்கள். போர் தரவில் அப்படிச் செய்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு போரில் ஒன்று பழக்கும் பக்கமும், இன்னொன்று சோதிக்கும் பக்கமும் போய் உட்கார்ந்துகொள்ளும். மாடல் பக்கத்து போரைப் பார்த்து காப்பியடித்துவிட்டு, பிரமாதமான மதிப்பெண் வாங்கும். அதே மாடலை அந்தியூர் பக்கம் எடுத்துப்போனால் ஒன்றும் தெரியாமல் முழிக்கும். அதனால் ஒரு ஃபிர்காவை (தாலுகாவின் உட்பிரிவு) முழுவதுமாக ஒதுக்கிவைத்து, மற்ற ஃபிர்காக்களில் பழக்கி, ஒதுக்கியதில் சோதியுங்கள். ஒவ்வொரு ஃபிர்காவாக மாற்றிச் செய்யுங்கள். மதிப்பெண் சட்டென்று இறங்கும், அந்த இறங்கிய மதிப்பெண்தான் உண்மையானது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான். 95 சதவீதம் சரி என்று ரெஸ்யூமேயில் எழுதியவரிடம், சோதனைத் தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இந்த ஆறு மாத வேலையைத் தொடங்கும் முன் நிறுவனத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லாக் உங்கள் கையெழுத்தில் இருந்தாலும், தரவு நிறுவனத்துக்கும் பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கும் சொந்தம். விவசாயியின் பெயரையும் சர்வே எண்ணையும் நீக்கிவிட்டு, ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவதாகக் கேட்டால் பல முதலாளிகள் சம்மதிப்பார்கள். தோற்கும் போர் குறைந்தால் அவர்களுக்கும் லாபம்தானே. அந்தக் கடிதமே பின்னால் பிஎச்.டி. சேர்க்கைக்கும் உதவும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் தரவைத் தொடாதீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிடும் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத் தரவை எடுத்து அதே பயிற்சியைச் செய்யலாம்.

சம்பளம் கூடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது இருக்கும் நிறுவனத்தில், இப்போது செய்யும் வேலைக்கே, பட்டம் ஒன்று கூடியதால் சம்பளத்தைப் பெரிதாக உயர்த்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று ஓடும் தொழிலில் அது நடப்பதில்லை. வேலை மாறும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஃபீல்டும் தெரிந்து, தரவும் கையாளத் தெரிந்த ஜியாலஜிஸ்ட்டுக்கு நீர்வளத் திட்டங்களின் ஆலோசனை நிறுவனங்களிலும், கனிமத் தேடலிலும் தேவை இருக்கிறது. ஜிஎஸ்ஐயின் ஆய்வுத் தரவுகளையெல்லாம் ஒரே இடத்தில் தரும் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்தத் தரவைப் படித்துத் துளை போடும் இடத்தைச் சொல்ல, பாறையைக் கையில் எடுத்துப் பார்த்த ஆட்கள் வேண்டும். அந்த மாதிரி நேர்காணலுக்குப் போகும்போது பட்டத்தோடு, நீங்கள் செய்த தாலுகா வரைபடத்தையும் எடுத்துப்போங்கள். எந்த ஃபிர்காவில் உங்கள் மாடல் தோற்றது, ஏன் தோற்றது என்று அவர்களுக்கு விளக்குங்கள்.

ஆறு மாதம் கழித்து இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை, கடன் இல்லாமல் தெரிந்துகொண்டீர்கள். பிடித்திருந்தால் அந்த எக்செல் தாளையும் இரண்டு பக்கக் குறிப்பையும் காஜாமலையிலோ கிண்டியிலோ இருக்கும் ஒரு பேராசிரியருக்கு மெயில் அனுப்பி, நேரில் போய்ப் பாருங்கள். பகுதிநேரச் சேர்க்கைக்கான அந்த ஆண்டின் அறிவிப்பையும், உங்கள் எம்.எஸ்சி.க்குத் தகுதி இருக்கிறதா என்பதையும் துறை அலுவலகத்திலேயே அப்போது கேட்டுவிடலாம்.